கண்ட கண்ணும் காணாத கண்ணும்

மரபுத்தொடர்கள் ஒரு மொழியைப் பேசும் மக்களின் பழைய வாழ்க்கையைத் தம்முள் பொதிந்து வைத்திருப்பவை. ஏரும் எருதும் கொண்டு வாழ்ந்த மக்களின் தொடர்களில் வயல் மணக்கும். கலமும் கடலும் கொண்டு வாழ்ந்த மக்களின் தொடர்களில் உப்புக்காற்று வீசும். ஆங்கிலேயர் பல நூற்றாண்டுகள் கடலிலும் களத்திலும் போரிட்டவர்கள். ஆதலின் அவர்தம் அன்றாடப் பேச்சில் படைத்துறைச் சொற்கள் பல, பிறந்த இடமே தெரியாத அளவுக்குக் கலந்து கிடக்கின்றன. ஒரு பணியை முடித்தாக வேண்டிய கடைசி நாளை இன்று 'டெட்லைன்' என்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) சிறைமுகாம்களில் இச்சொல் ஓர் எல்லைக்கோட்டின் பெயராக இருந்தது. அதனைத் தாண்டும் கைதி சுடப்படுவான். இன்று அலுவலகத்தில் இச்சொல்லை வழங்குவோர் எவரும் துப்பாக்கியை நினைப்பதில்லை.

இவ்வாறு போர்க்களத்தோடு தொடர்புற்ற ஆங்கிலத் தொடர்களுள் ஆழ்ந்து ஆராயத்தக்க ஒன்று 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்பது. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், 'பார்வையற்ற கண்ணைத் திருப்புதல்' என்றாகும். ஒரு தவற்றை அல்லது ஒரு செய்தியை அறிந்திருந்தும் அறியாததுபோல் விட்டுவிடுதல் என்பதே அதன் வழக்குப் பொருள். செய்தித்தாள்களிலும் நாடாளுமன்ற உரைகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இத்தொடர் நாள்தோறும் ஆளப்படுகிறது. பள்ளி மாணவர்க்கான நூல்களோ ஒரே வரியில் பொருள் எழுதி, ஒரே வாக்கியத்தில் எடுத்துக்காட்டுத் தந்து அடுத்த தொடருக்குச் சென்றுவிடுகின்றன. மாணவன் அதனை மனப்பாடம் செய்கிறான்; தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்புகிறான்; மதிப்பெண்ணும் பெறுகிறான். ஆயினும் அத்தொடர் எழுப்பும் அறக்கேள்வி அவன் செவிக்கு எட்டுவதில்லை. கண்டதைக் காணவில்லை என்று சொல்வதற்கு ஒருவருக்கு உரிமை உண்டா? உண்டெனில், அது யாருக்கு உண்டு, எப்போது உண்டு? இக்கேள்விகளுக்கு விடை காண இத்தொடரின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

கோப்பன்ஹேகன் கடற்போர்

1800ஆம் ஆண்டில் ரஷ்யா, டென்மார்க், சுவீடன், பிரஷ்யா ஆகிய நாடுகள் ஒரு கூட்டணி அமைத்தன. பிரான்சோடு போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டன், நடுநிலை நாடுகளின் வணிகக் கப்பல்களையும் நிறுத்திச் சோதனையிட்டு வந்தது. அதனை எதிர்ப்பதே அக்கூட்டணியின் நோக்கம். பிரிட்டனின் போர்க்கப்பல்களுக்கு வேண்டிய மரமும் சணலும் தாரும் பால்டிக் கடல் வழியாகவே வந்தன. அவ்வழி அடைபட்டால் கடற்படை முடங்கிவிடும் என அஞ்சிய பிரிட்டன், சர் ஹைட் பார்க்கரின் தலைமையில் ஒரு கப்பற்படையை அனுப்பியது. அவருக்கு அடுத்த நிலையில் சென்றவர் ஹொரேஷியோ நெல்சன்.

நெல்சன் அதற்கு முன்பே போர்களில் உடலுறுப்புகளை இழந்தவர். 1794ஆம் ஆண்டு ஜூலை மாதம் கோர்சிகாத் தீவின் கால்வி நகர முற்றுகையில், குண்டு விழுந்து சிதறிய கல்லும் மண்ணும் அவர் வலக்கண்ணைத் தாக்கின. அக்கண்ணின் பார்வை ஏறத்தாழ முழுவதும் போயிற்று. 1797ஆம் ஆண்டில் டெனரீஃப் தாக்குதலில் வலக்கையை இழந்தார். அவர் கண்ணைத் துணியால் மறைத்துத் திரிந்ததாகப் பலர் எண்ணுவது பிழை. பார்வை இழந்த கண், வெளித்தோற்றத்தில் மற்றக் கண்ணைப் போன்றே இருந்தது.

1801ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் கோப்பன்ஹேகன் துறைமுகத்தின் முன் போர் மூண்டது. ஆழம் குறைந்த நீர்ப்பரப்பில் பெருங்கப்பல்கள் செல்ல இயலாமையால், நெல்சன் 'எலிஃபண்ட்' என்னும் கப்பலுக்கு மாறி, 12 முதல்நிலைப் போர்க்கப்பல்களோடு முன்னேறினார். பார்க்கர் எஞ்சிய கப்பல்களோடு சில மைல் தொலைவில் நின்றார். தொடக்கத்திலேயே நெல்சனின் கப்பல்களுள் மூன்று தரைதட்டி நின்றன. படையின் நான்கில் ஒரு பங்கு, உரிய இடத்தை அடைய இயலாமற் போயிற்று. டேனியர் எதிர்பார்த்ததற்கு மேலாக உறுதியோடு போரிட்டனர். காலை 10 மணி அளவில் தொடங்கிய போர் நண்பகல் கடந்தும் முடிவுறவில்லை.

தொலைவில் நின்ற பார்க்கருக்குப் புகை தெரிந்தது, தரைதட்டிய கப்பல்கள் ஏற்றிய ஆபத்துக் கொடிகள் தெரிந்தன, வெற்றி தெரியவில்லை. பிற்பகல் 1.30 மணி அளவில் அவர் 39ஆம் எண் கொடிக்குறியை ஏற்றச் செய்தார். 'போரை நிறுத்துக' என்பது அதன் பொருள். அப்போது நெல்சனின் கப்பலில் பறந்துகொண்டிருந்தது 16ஆம் எண் கொடிக்குறி. 'பகைவரை மேலும் நெருங்கிப் பொருதுக' என்பது அதன் பொருள். இரண்டு கொடிகள், இரண்டு கட்டளைகள், ஒன்றற்கொன்று நேர் மாறு.

கொடிக்குறிகளைக் கவனிக்கும் அதிகாரி, பார்க்கரின் குறியைத் தம் கப்பலிலும் ஏற்றிப் பிற கப்பல்களுக்கு அறிவிக்கலாமா எனக் கேட்டார். வேண்டா, பெற்றுக்கொண்டதாக மட்டும் விடையளிக்க என்றார் நெல்சன். பின், 16ஆம் எண் கொடி இன்னும் பறக்கிறதா எனக் கேட்டு, அதனை அப்படியே வைத்திருக்கச் சொன்னார். அதன்பின் அருகிலிருந்த கப்பல் தலைவர் தாமஸ் ஃபோலியை நோக்கி, தமக்கு ஒரு கண் மட்டுமே உண்டு என்றும், சிற்சில வேளைகளில் குருடராக இருக்கத் தமக்கு உரிமை உண்டு என்றும் சொன்னாராம். தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் பொருத்திக்கொண்டு, உண்மையாகவே தமக்குக் கொடி தென்படவில்லை என்றாராம்.

போர் தொடர்ந்தது. டேனியரின் பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நெல்சன் டேனிய இளவரசருக்கு மடல் விடுத்துச் சண்டையை நிறுத்தினார். பின்னர் 14 வாரப் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. பார்க்கர் திருப்பி அழைக்கப்பட்டார். மே மாதத்தில் நெல்சனே தலைமை ஏற்றார். பிரிட்டன் தரப்பில் மட்டும் 250 பேருக்கு மேல் உயிரிழந்தனர். டேனியர் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் ஆயிரத்தைத் தாண்டினர். இதில் ஒரு கொடிய முரணும் உண்டு. கூட்டணிக்கு முதுகெலும்பாய் இருந்த ரஷ்யப் பேரரசர் முதலாம் பால், போருக்கு ஏறத்தாழ பத்து நாள்களுக்கு முன்பே கொலையுண்டிருந்தார். அச்செய்தி கோப்பன்ஹேகனை எட்டியிருக்கவில்லை. நல்ல கண்ணுக்கும் எட்டாத செய்திகள் போரில் உண்டு என்பதற்கு இது சான்று.

கதையும் சான்றும்

இந்நிகழ்ச்சியே தொடரின் பிறப்பிடம் என்று பல நூல்கள் எழுதிவிடுகின்றன. இக்கூற்று ஆராய்ச்சிக்கு நிற்பதன்று. அறிந்தும் அறியாதது போலிருத்தல் என்னும் கருத்தில் இத்தொடர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் வழங்கியதை ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி காட்டுகிறது. அப்போது நெல்சன் பிறக்கவும் இல்லை. அவர் பிறந்தது 1758இல்.

தொலைநோக்கிக் காட்சிக்கு உரிய சான்றும் நுணுகி நோக்கத்தக்கது. 'எலிஃபண்ட்' கப்பலில் படைவீரர்க்குத் தலைவராக இருந்த வில்லியம் ஸ்டுவர்ட் என்பாரின் குறிப்பே இதற்கு முதன்மையான ஆதாரம். அஃது அச்சில் வந்தது 1809இல், கிளார்க்கும் மக்கார்தரும் எழுதிய நெல்சன் வரலாற்று நூலில். போர் நடந்து 8 ஆண்டுகளும், நெல்சன் டிரஃபால்கரில் மாண்டு 4 ஆண்டுகளும் கடந்திருந்தன. 1813இல் கவிஞர் ராபர்ட் சதே எழுதிய நெல்சன் வரலாறு இக்கதையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கொடியைப் புறக்கணித்தது உண்மை என ஏற்கும் வரலாற்றாசிரியருள்ளும் சிலர், தொலைநோக்கியைக் கண்ணில் வைத்த காட்சி பின்னர்ச் சேர்ந்த ஒப்பனையோ என ஐயுறுவர்.

ஐயத்தை ஒருபுறம் வைத்துக் கதையை அப்படியே ஏற்றாலும், ஒன்று புலனாகிறது. நெல்சன் புதிதாய் ஒரு தொடரைப் படைக்கவில்லை. மக்கள் வாயில் முன்பே வழங்கிய தொடரைத் தம் உடற்குறையோடு பொருத்தி நடித்துக் காட்டினார். பிறர் உருவகமாகச் சொன்னதை அவர் நேர்ப்பொருளாக்கினார். தொடரின் தந்தை என்று அவரைச் சொல்லுதல் பிழை. அத்தொடருக்கு அழியாத ஓர் ஓவியம் தந்தவர் என்று சொல்லுதல் பொருந்தும்.

நெல்சன் எதை மறைத்தார்?

இத்தொடரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கவனியாது விடும் செய்தி ஒன்று ஸ்டுவர்ட்டின் குறிப்பில் உள்ளது. பார்க்கரின் கொடியைப் பெற்றுக்கொண்டதாக விடையளிக்கும்படி நெல்சன் கட்டளையிட்டார் என்பதே அது. கடற்படை வழக்கில் அவ்விடைக்குப் பொருள், 'உம் கட்டளையைக் கண்டோம்' என்பது. கொடியைக் காணவில்லை என்று ஃபோலியிடம் சொன்ன அதே மனிதர், கொடியைக் கண்டதாகத் தம் தலைவருக்கு முறைப்படி அறிவித்துவிட்டார். தொலைநோக்கி விளையாட்டு, அருகில் நின்றவர்களுக்காக. தலைவரிடத்தில் அவர் ஒளித்தது ஒன்றுமில்லை. 16ஆம் எண் கொடியும் இறக்கப்படாமல், பார்க்கர் உட்பட யாவரும் காணும்படி உச்சியில் பறந்தது.

அச்செயலின் விளைவையும் அவர் அறிந்தே இருந்தார். பிரிட்டிஷ் கடற்படை தன் தலைவர்களிடத்தில் இரக்கம் காட்டும் அமைப்பன்று. தம்மால் இயன்ற முயற்சி அனைத்தையும் செய்யவில்லை என்ற குற்றத்திற்காக அட்மிரல் ஜான் பிங் 1757ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் தம் சொந்தக் கடற்படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கட்டளைக்கு மாறாகப் போரிட்ட தாம் தூக்கிலிடப்படவும் கூடும் என்று நெல்சன் சொன்னதாக நூல்கள் கூறும். தோற்றிருந்தால் அவர் பெயர் பிங்கின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்.

அவர் ஏன் பின்வாங்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. பின்வாங்கும் வழி, ட்ரெக்ரோனர் கோட்டையின் பீரங்கிகளுக்கு நேரே குறுகிய நீர்ப்பாதையில் சென்றது. இருபுறமும் மணல்திட்டு. அடிபட்ட கப்பல்கள் அவ்வழியே திரும்பினால் பெருஞ்சேதம் நேரும். இதனைத் தொலைவிலிருந்த பார்க்கர் காண இயலாது. களத்தில் நின்ற நெல்சன் கண்டார். ஆகவே, மேலிருந்தவரைவிட மிகுதியாகக் கண்ட ஒருவர், தாம் கண்டதன் பொறுப்பை ஏற்று நடந்த செயல் இது.

பார்க்கரின் குறி கட்டளை அன்று, விரும்பினால் விலகலாம் எனத் தந்த இசைவு என்று கருதுவோரும் உளர். அதுவே உண்மையாயின் கீழ்ப்படியாமை என்ற பேச்சே எழாது. கதையின் வீரமும் பாதியாகக் குறையும். அப்போதும், நெல்சன் தம் முடிவை மறைக்கவில்லை என்பது மட்டும் மாறாது.

கீழ்ப்படிந்தவர்கள்

அதே கொடியை வேறு இருவரும் கண்டனர். மூன்றாம் நிலைத் தலைவரான தாமஸ் கிரேவ்ஸ், பார்க்கரின் குறியைத் தம் கப்பலிலும் ஏற்றினார். ஆனால் பிற கப்பல்களுக்கு எளிதில் தென்படாத இடத்தில் ஏற்றினார். நெல்சனின் 16ஆம் எண் கொடியை உச்சியில் பறக்கவிட்டார். பார்க்கர் கேட்டால் ஒரு விடை, நெல்சன் கேட்டால் ஒரு விடை. இரண்டு தலைவருக்கும் பணிந்த இச்செயலைச் சாமர்த்தியம் எனலாம். வீரம் எனல் அரிது.

மற்றொருவர் 'அமேசான்' என்னும் சிறு போர்க்கப்பலின் தலைவர் எட்வர்ட் ரியூ. அவர் கோட்டைப் பீரங்கிகளை எதிர்த்துச் சிறு கப்பல்களோடு நின்றவர். பார்க்கரின் குறியை அவர் தெளிவாகக் கண்டார். நெல்சன் தம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று வருந்தியபடியே கட்டளைக்குப் பணிந்து கப்பலைத் திருப்பினார். திரும்பிய கப்பலின் பின்புறம் கோட்டைக்கு நேராயிற்று. அந்நேரத்தில் பாய்ந்த குண்டு ஒன்று அவர் உயிரைப் பறித்தது. லண்டன் தூய பவுல் தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு. மொழியிலோ அவருக்கு ஒரு தொடரும் இல்லை.

ரியூவின் முடிவு, நெல்சனின் கதையைச் சரியாக அளக்கும் அளவுகோல். கண்டதைக் கண்டதாக ஏற்றுப் பணிந்தவர் மாண்டார். கண்டதைக் காணவில்லை என்றவர் வென்றார். இதனைக் கொண்டு பணிவு கேடு என்றோ, கட்டளை மீறல் நன்று என்றோ பொதுவிதி வகுத்தல் தவறாகும். நெல்சனுக்குக் கிடைத்த புகழ் வெற்றியால் வந்தது. வெற்றியை நீக்கிவிட்டு நோக்கினால் எஞ்சி நிற்கும் அறம் ஒன்றே. தாம் செய்வதைத் தம் பெயரில் செய்தார். பழி வந்தால் தம் தலையில் ஏற்க ஆயத்தமாய் இருந்தார்.

இன்றைய ஆட்சி

இன்று இத்தொடர் ஆளப்படும் இடங்களில் அந்த ஆயத்தத்தைக் காண்பது அரிது. இன்றைய 'காணாக் கண்' பழியைத் தவிர்க்கவே மூடப்படுகிறது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும்.

1965ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் ரொடீசியாவின் வெள்ளையர் சிறுபான்மை ஆட்சி, தானே விடுதலையை அறிவித்துக்கொண்டது. அதனை ஒடுக்க எண்ணெய்த் தடை விதிக்கப்பட்டது. மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்திற்கு எண்ணெய்க் கப்பல்கள் செல்லாதவாறு பிரிட்டிஷ் கடற்படை 1966 முதல் 1975 வரை காவல் நின்றது. அதே காலத்தில் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனங்களின் துணை நிறுவனங்கள் வாயிலாகவே, தென்னாப்பிரிக்காவையும் மொசாம்பிக்கின் வேறொரு துறைமுகத்தையும் கடந்து ரொடீசியாவுக்கு எண்ணெய் சென்றுகொண்டிருந்தது. இதனை அரசின் உயர்நிலையிலிருந்தோர் சிலர் 1968இலேயே அறிந்திருந்தனர் என்பது, 1978இல் வெளிவந்த பிங்ஹாம் அறிக்கையால் உலகிற்குத் தெரிந்தது. நெல்சனின் கடற்படை ஒரு துறைமுகத்தைத் தொலைநோக்கியால் கண்காணித்துக்கொண்டிருந்தது. அதன் அரசு மற்றொரு துறைமுகத்தைக் காணாமலிருந்தது. இதனைக் கண்ட செய்தியாளர், 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என எழுதுவது சொல்லளவில் சரியே. ஆயினும் இங்கே பெற்றுக்கொண்டதாக விடையளித்த கொடி எங்கே? 'கண்டோம், எனினும் இவ்வாறு செய்யத் துணிந்தோம்' என்று வெளிப்படச் சொன்னவர் எவர்?

ஆங்கிலச் சட்டம் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்திருக்கிறது. 'ஸ்டார் சீ' என்னும் கப்பல் 1990ஆம் ஆண்டு தீப்பற்றி அழிந்தது. கப்பலின் தீயணைப்புக் கருவிகள் பழுதுற்றிருந்தன. அதே நிருவாகத்தின்கீழ் இருந்த பிற கப்பல்களிலும் அதற்குமுன் தீ விபத்து நேர்ந்திருந்தது. குறையை அறிந்தே கப்பலைக் கடலுக்கு அனுப்பினர் என்று காப்பீட்டாளர் வாதிட்டனர். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்று 2001ஆம் ஆண்டு சனவரியில் முடிவுற்றது. கோப்பன்ஹேகன் போர் நடந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள். அத்தீர்ப்பில் ஸ்காட் பிரபு நெல்சனின் தொலைநோக்கியையே எடுத்துக்காட்டி விளக்கம் தந்தார். ஒருவர் கவனக்குறைவால் ஒன்றை அறியாமலிருப்பது வேறு. இப்படி இருக்கக்கூடும் என்று ஐயம் கொண்டபின், உறுதிப்பட்டுவிடுமே என்பதற்காகவே விசாரியாமல் விடுவது வேறு. பின்னதைச் சட்டம் அறிவாகவே கொள்ளும். காணாமலிருக்கத் துணிந்தவன் கண்டவனே என்பது இதன் சாரம். கப்பல் உரிமையாளர்களிடத்தில் அத்தகைய மனத்துணிவு இருந்ததென நிறுவப்படாமையால், காப்பீட்டாளர் தோற்றனர். கடலில் புகழ்பெற்ற தொடர், கடல் வழக்கொன்றிலேயே தன் இலக்கணத்தைப் பெற்றது.

தமிழில் ஏற்ற சொல்

ஆங்கிலத் தொடரின் இவ்வரலாறு, தமிழில் எழுதுவோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் பயன் தருவது. செய்தியை விரைந்து மொழிபெயர்ப்போர் சிலர், 'குருட்டுக் கண்ணைத் திருப்பினர்' என எழுதிவிடுகின்றனர். இஃது இரு வகையில் தவறு. ஒன்று, நெல்சன் கதை அறியாத தமிழர்க்கு இதனால் எப்பொருளும் விளங்காது. மற்றொன்று, பார்வையற்றோர் காண மறுப்பவர் அல்லர். அவர்கள் காண இயலாதவர்கள். காண மறுப்பவரின் குற்றத்தை அவர்களது குறையின்மேல் ஏற்றுதல் அறமன்று.

தமிழில் இக்கருத்தைச் சுட்டும் சொற்களும் ஒரே தன்மையுடையன அல்ல. 'கண்மூடித்தனம்' என்பது ஆராயாது நம்புதல் அல்லது செய்தல். அது முற்றிலும் வேறு. 'பாராமுகம்' என்பது ஒருவரிடத்தில் அன்பின்றி முகந்திருப்பிக்கொள்ளுதல். ஏழை உறவினரைக் கண்டு பாராமுகமாய்ச் செல்வான் என்பது பொருந்தும். கையூட்டைப் பாராமுகமாய் விட்டான் என்பது அத்துணைப் பொருந்தாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்னும் பழமொழி, தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்பவனைச் சுட்டுவது.

'கண்டும் காணாமல் இருத்தல்' என்னும் தொடரே இவற்றுள் மிகவும் ஏற்றது. இதன் சிறப்பு அதன் முதற்சொல்லில் உள்ளது. ஆங்கிலத் தொடர் 'காணாமை'யை மட்டும் சொல்கிறது. கண்டதை, கேட்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். தமிழ்த் தொடரோ, 'கண்டும்' என்று தொடங்கிக் குற்றத்தை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறது. 'கண்டும்' என்பதிலுள்ள உம்மை, ஆங்கில நீதிபதிகள் பக்கம் பக்கமாக விளக்கிய கருத்தை ஓரெழுத்தில் தாங்கி நிற்கிறது.

மலாயரும் சீனரும் உடன்வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதற்கு மற்றொரு வடிவமும் உண்டு. மலாய் மொழியில் 'துத்துப் செபெலா மாத்தா' என்பர். ஒரு பக்கக் கண்ணை மூடுதல் என்பது பொருள். சீனர் ஒரு கண்ணைத் திறந்து ஒரு கண்ணை மூடுதல் என்பர். இவற்றின் செல்வாக்கால் இந்நாடுகளின் ஆங்கிலப் பேச்சில் 'குளோஸ் ஒன் ஐ' என்னும் வழக்கு நிலைபெற்றுவிட்டது. 'சற்றே விட்டுக்கொடுங்களேன்' என்னும் வேண்டுகோளாக அது பெரும்பாலும் வருகிறது. இதில் ஒரு கண் திறந்தே இருக்கிறது என்பது கருதத்தக்கது. காண்பவன் காண்கிறான், சிறு பிழையைப் பொறுத்துக்கொள்கிறான்.

அவ்வாறாயின் பொறுத்தலுக்கும் உடந்தைக்கும் எல்லை எது? இதற்கு விடை திருக்குறளில் உண்டு. அந்நூலின் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். இன்று 'கண்ணோட்டம்' என்றால் கருத்து அல்லது நோக்கு என்றே பலரும் கொள்கின்றனர். வள்ளுவர் அதனை வேறு பொருளில் ஆண்டார். பழகியவரைக் கண்டவிடத்து அவர் சொல்லை மறுக்கமாட்டாத இளகிய இயல்பே கண்ணோட்டம் என உரையாசிரியர் விளக்குவர். கண்ணுக்கு அதுவே அணிகலம் என்றும், அஃதில்லாத கண் புண்ணாகவே கருதப்படும் என்றும் அவ்வதிகாரம் பேசுகிறது. அத்துணைப் போற்றியவர் ஒரு வரம்பையும் உடன் வைத்தார். கடமை சிதையாதபடி கண்ணோட வல்லவர்க்கே இவ்வுலகம் உரியது என்பதே அவ்வரம்பு. இரக்கத்தால் கடமை சிதையுமாயின், அது கண்ணோட்டம் ஆகாது.

அதிகார வைப்பு முறையும் எண்ணத்தக்கது. கண்ணோட்டத்தை அடுத்து 59ஆம் அதிகாரமாக ஒற்றாடல் வருகிறது. ஒற்றரையும் புகழ்பெற்ற அறநூலையும் அரசனின் இரு கண்களாக அது கூறுகிறது. நாட்டில் நடப்பவை அனைத்தையும் அரசன் அறிந்தாக வேண்டும்; அறியவில்லை என்று சொல்ல அவனுக்கு இடமில்லை. கண்ணோடுதல் என்பது அறிந்தபின் செய்வது. அறியாமலிருக்க வழி தேடுவது அன்று. நெல்சனைப் போல் ஒரு கண்ணில் உரிமை கோர வள்ளுவரின் அரசனுக்கு இயலாது. அவனுக்கு இரண்டு கண்களும் திறந்தே இருத்தல் வேண்டும்.

இவ்வடிப்படையில் 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்பதை மொழிபெயர்க்கும்போது மூன்று நிலைகளைப் பகுத்துணர்தல் நன்று. சிறியோர் செய்த சிறுபிழையை அன்பினால் பொறுத்தல் ஒன்று. அதற்குப் 'பொறுத்தருளினார்', 'பெருந்தன்மையாய் விட்டுவிட்டார்' என்பன ஏற்கும். தொல்லை நமக்கேன் என அஞ்சியோ சோம்பியோ ஒதுங்குதல் மற்றொன்று. அதற்குக் 'கண்டும் காணாமல் இருந்தார்' என்பது பொருந்தும். தீமையால் பயன் பெற்றோ, பயன்பெறுவோரைக் காக்கவோ வாளாவிருத்தல் மூன்றாவது. அதற்கு 'உடந்தையாயிருந்தார்' என வெளிப்படையாக எழுதுவதே நேர்மை. மூன்றையும் ஒரே தொடரால் மூடிவிடும் ஆங்கில எழுத்தாளர், தம்மை அறியாமலே அத்தொடர் கண்டிக்கும் குற்றத்தைச் சிறிது செய்துவிடுகிறார். தமிழில் எழுதுவோர்க்கு அந்நிலை நேர வேண்டியதில்லை. சொல்வளம் கைவசம் உள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் தெளிவாகின்றன. இத்தொடர் நெல்சனுக்கு முற்பட்டது. அவர் கதையால் புகழ் பெற்றது. கதையிலுள்ள நெல்சன் தம் தலைவரிடத்தில் கட்டளையைக் கண்டதாக ஒப்புக்கொண்டு, அதன்பின் தம் பொறுப்பில் மாறி நடந்தவர். இன்று அவர் பெயரைத் துணையாகக் கொண்டு கண்ணை மூடிக்கொள்வோரிடம் அந்த ஒப்புதல் இல்லை. நெல்சனின் கதையை அறத்திற்குச் சான்றாகக் காட்ட விழைவோர் தொலைநோக்கியைக் காட்டுதல் போதாது. விடையளித்த கொடியையும் உடன் காட்டுதல் வேண்டும்.

மரபுத்தொடர்களைக் கற்பிப்போர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தொடருக்குப் பொருள் சொல்லி நிறுத்தினால் மாணவன் ஒரு வரியைக் கற்கிறான். அது யார் வாயில், யாரை நோக்கி, எதற்காக ஆளப்படுகிறது என்று வினவப் பழக்கினால், சொல்லை நிறுத்துப் பார்க்கக் கற்கிறான். அவ்வாறு கற்ற ஒருவன் நாளை ஓர் அலுவலகத்தில் அமரும்போது, தன் மேசைமேல் வந்த குறையைப் படித்துவிட்டுப் படிக்கவில்லை எனச் சொல்லத் தயங்குவான். அத்தயக்கத்தை வளர்ப்பதும் மொழியாசிரியரின் பணியே.